தேய்ந்த விரலும் சாயங்கால பெஞ்சும்

நவம்பர் மாதம் பிறந்தால் எனக்கு என் விரல்களைப் பற்றிய கவலை வந்துவிடும். பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் நேரில் போய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால் முடிந்தது. 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்கிற டிஜிட்டல் உயிர்ச்சான்று வந்த பிறகு, ஆதாரும் விரல் ரேகையும் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது. போஸ்ட்மேனே வீட்டுக்கு வந்து 70 ரூபாய் வாங்கிக்கொண்டு முடித்துக் கொடுக்கிறார். நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் தடவை அவர் நீட்டிய சின்னக் கருவியில் நான் கட்டைவிரலை வைத்தபோது அது எடுக்கவில்லை. ஆள்காட்டி விரலும் அப்படியே. என் மனைவி ஈரத்துணி கொண்டுவந்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். வலது கையில் ஒன்றுகூட ஏறவில்லை. கடைசியில் இடது கைச் சுண்டுவிரலில் பச்சை விளக்கு எரிந்தது.

"என்ன வேலை சார் பார்த்தீங்க?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

"ஆர்.எம்.எஸ்.ல சார்ட்டர்."

சிரித்துவிட்டார். ஆர்.எம்.எஸ். என்றால் ரயில் தபால் பிரிவு. அவருக்குப் புரிந்துவிட்டது. கடிதம் பிரிக்கிறவன் கடிதக் கட்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒவ்வொரு கவராகத் தள்ளி, முகவரியைப் பார்த்து அந்தந்த ஊர் அறையில் போடுவான். பின்கோடின் முதல் மூன்று எண்தான் கணக்கு: திருச்சி என்றால் 620, புதுக்கோட்டை 622, ராமநாதபுரம் 623, கரூர் 639. கண் எண்ணைப் பார்க்கும்போதே கை போய்விடும். 1974லிருந்து 2012 வரை 38 வருஷம் அதைச் செய்தேன். வலது கட்டைவிரலைத் தடவிப் பார்த்தால் இப்போதும் வழவழவென்று இருக்கிறது. இடது சுண்டுவிரலுக்கு அந்த வேலையில் பங்கில்லை. அதனால்தான் அதில் மட்டும் ரேகை மிஞ்சியிருக்கிறது.

என்னைப் போல விரல் தேய்ந்தவர்கள், கல் உடைத்தவர்கள், நெசவு செய்தவர்கள், வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போனவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். 2021லிருந்து முகத்தைக் காட்டியே சான்று கொடுக்கலாம். செல்போன் இருந்தால் வீட்டிலேயே முடிந்துவிடும். காலை வெளிச்சத்தில், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இமைக்கச் சொல்லும்போது இமைத்தால் போதும். ட்யூப்லைட்டுக்குக் கீழே நின்றுகொண்டு முயற்சி செய்யாதீர்கள். 80 வயது ஆனவர்கள் நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை, அக்டோபர் 1லிருந்தே கொடுக்கலாம்.

நான் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். பிறந்தது லால்குடி பக்கம். ஓய்வு பெற்றது 2012 மே 31. ஜூன் ஒன்றாம் தேதி ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிட்டது. நைட் டூட்டி பார்த்த உடம்பு, அதற்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. எழுந்து உட்கார்ந்தால் எங்கோ வண்டி போகிற சத்தம் கேட்கும், எந்த வண்டி என்று மனம் கணக்குப் போடும். பகலில் தூக்கம், ராத்திரி முழிப்பு, சாப்பாட்டு நேரத்தில் பசியில்லை. இப்படியே ஆறு மாதம் போனது. வீட்டிலிருப்பவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "சாயங்காலம் அஞ்சு மணிக்கு எங்கயாச்சும் போய்ட்டு ஏழு மணிக்கு வாங்க. எங்க போனாலும் சரி. ஆனா தினம் அதே நேரம் போங்க."

அதுதான் எனக்குக் கிடைத்த மருந்து. இன்றைக்கும் ஓய்வு பெறப் போகிற யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது அந்த ஐந்து மணியைத்தான். நடைப்பயிற்சி, யோகா எல்லாம் அவரவர் விருப்பம். ஒரு இடம், ஒரு நேரம், அங்கே நம்மை எதிர்பார்த்து இரண்டு பேர். ஒருநாள் போகாவிட்டால் மறுநாள் "நேத்து ஏன் வரல?" என்று கேட்க ஆள் வேண்டும்.

எனக்கு அந்த இடம் அம்மா மண்டபம் போகிற சாலையில் ஒரு டீக்கடை பெஞ்ச். படித்துறை பக்கத்திலேயே இருக்கிறது. கோடையில் காவிரி வெறும் மணலாகக் கிடக்கும். ஜூன் 12 நெருங்கினால், மேட்டூர் திறப்பார்களா மாட்டார்களா என்று பேச்சு தொடங்கிவிடும். திறந்து மூன்று நாள் போல ஆனால் படித்துறையில் தண்ணீர் வாசனை வரும். நாங்கள் நாலு பேர். என்னோடு சர்வீஸ் பார்த்த கரூர்க்காரர், ஒரு தமிழ் வாத்தியார், அப்புறம் அரசு பஸ் ஓட்டிய அண்ணன். அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவர். அவர் என்னை "தபால்காரரே" என்பார். எனக்கு அவர் "அண்ணே". வாத்தியார் எல்லாருக்கும் சார்.

பணத்தைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை. கம்யூட்டேஷனில், அதாவது பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்வதில், 40 சதவீதம் எடுத்துவிட்டேன். மகள் கல்யாணம் இருந்தது. எடுத்த பங்கு 15 வருஷம் கழித்துத்தான் பென்ஷனில் திரும்பச் சேரும், எனக்கு 2027இல். எடுக்கும்போதே அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தில் ஒரு பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். அப்போது உச்சவரம்பு 15 லட்சம், 2023இல் 30 லட்சமாக்கினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருவது மனசுக்குத் தெம்பு. மொத்தத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்தவர்கள் பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து டீ குடிக்கவே யோசித்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

அரசியலுக்கு வருகிறேன். இதில்தான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன்.

எங்கள் வீட்டில் 1967இலிருந்து உதயசூரியன். எனக்கு அப்போது 14 வயது. அண்ணா ஜெயித்த செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் அடித்த மேளம் இன்னும் காதில் இருக்கிறது. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார் என்று கேட்டு என் தாத்தா மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சந்தோஷமும் துக்கமும் ஒரே வீட்டில் இருந்தன. 1971 தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை, அப்போதெல்லாம் 21 வயது ஆக வேண்டும். 1977இல்தான் முதன்முதலாக விரலில் மை வைத்துக்கொண்டேன். டிரைவர் அண்ணன் இரட்டை இலை. எம்.ஜி.ஆர். 1972இல் தனிக்கட்சி தொடங்கிய வருஷத்திலிருந்து அவர் மாறவே இல்லை.

மத்திய அரசு வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. நடத்தை விதிகளின்படி எந்தக் கட்சியிலும் சேரக்கூடாது, பிரசாரம் செய்யக்கூடாது. 38 வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடிதம் பிரிக்கும்போது கரைவேட்டியின் நிறத்தைப் பார்க்க முடியாது, அது சரியான விதிதான். ஆனால் ஓய்வு பெற்றதும் மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. என்னைப் போல அரசு வேலையிலிருந்து வந்தவர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். அத்தனை வருஷம் அடக்கி வைத்தது ஒரு செல்போன் கைக்கு வந்ததும் வெளியே வருகிறது. காலையில் எழுந்தவுடன் பத்துப் பேருக்கு ஏதாவது அனுப்பாவிட்டால் கை நமநமக்கிறது.

2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6. அதற்கு நாலைந்து நாள் முன்பு, பத்திரிகையில் வந்த துண்டுச் செய்தி மாதிரி ஒரு படம் எனக்கு வந்தது. அண்ணனுடைய கட்சித் தலைவர் ஒருவரைப் பற்றியது. படித்தேன், அடுத்த நொடி எங்கள் நாலு பேர் குழுவில் போட்டுவிட்டேன். மறுநாளே அது பொய் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பத்திரிகையே நாங்கள் அப்படி எதுவும் போடவில்லை என்று எழுதிவிட்டது. சாயங்காலம் பெஞ்சில் அண்ணன் கேட்டார், "அது பொய்யின்னு தெரிஞ்சுபோச்சுல்ல, தப்புன்னு ஒரு வார்த்தை போடுங்களேன்."

அப்போது போட்டிருக்க வேண்டும். நான் சொன்னது: "நெருப்பில்லாம புகையுமா அண்ணே?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "தபால்காரரே, அட்ரஸ் சரியில்லன்னா கடுதாசிய அனுப்பவே மாட்டேன், தனியா எடுத்து வெப்பேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. அனுப்பினவன் பேரும் இல்லாம, ஊரும் இல்லாம வந்த இத மட்டும் எப்படி அனுப்பினீங்க?" என்றார். எழுந்து போய்விட்டார்.

என்னிடம் பதில் இல்லை. முகவரி தெளிவில்லாத கடிதத்தை நாங்கள் ஒதுக்கித்தான் வைப்போம். இரண்டு பேர் பார்ப்போம், கையெழுத்தை வைத்து ஊரை ஊகிப்போம், முடியவே இல்லை என்றால் திரும்ப அனுப்புகிற ஆபீசுக்குப் போகும். ஒரு 50 பைசா கார்டுக்குக் காட்டிய பொறுப்பை ஒரு மனிதரின் பெயருக்கு நான் காட்டவில்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வரட்டுக் கௌரவம் விடவில்லை. மே மாதம் ஊரடங்கு வந்தது. பெஞ்சே இல்லாமல் போனது. கடை திறந்த பிறகும் அவர் வரவில்லை. எட்டு மாதம்.

அந்த டிசம்பரில் ஒருநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரம் பந்தல்கூட இல்லாமல் வெயிலில் ஐம்பது அறுபது பேர், எல்லாரும் வயசாளிகள், உட்கார்ந்திருந்தார்கள். காக்கிச் சட்டை, கையில் எழுதின அட்டை. போக்குவரத்துத் தொழிலாளர்களின் ஓய்வூதியர் போராட்டம். இரண்டாவது வரிசையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அண்ணன். அட்டையைப் படித்தேன். அவர்களுடைய பென்ஷனுக்கு அகவிலைப்படி பல வருஷமாக ஏறவே இல்லை.

எனக்கு அது தெரியாது. தினமும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, தலைவர்களைப் பற்றியும் கூட்டணிகளைப் பற்றியும் அவ்வளவு பேசியிருக்கிறோம். எனக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி கணக்குப் பார்த்து ஏறுகிறது. அவர் அதே தொகையை வைத்துக்கொண்டு அரிசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அரசியல் என்று நான் நினைத்திருந்தது வேறு, அவருக்கு இருந்தது வேறு. டீக்குக் காசு கொடுக்கிற முறை வந்தபோதெல்லாம் அவர் ஒருநாளும் பின்வாங்கியதில்லை, அதை நினைத்தபோது தொண்டை அடைத்தது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, கடையில் நாலு பாக்கெட் மோர் வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தேன். பக்கத்தில் போய் நின்றேன். என்ன சொல்வது என்று பஸ்ஸிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தது எதுவும் வாயில் வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். தலையிலிருந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். "தரை சுடும், இதுமேல உக்காருங்க" என்றார். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அன்று ராத்திரி குழுவில், அந்தப் படம் பொய், அனுப்பியது என் தவறு என்று எட்டு மாதம் கழித்து எழுதினேன். வாத்தியார் மட்டும் ஒரு கும்பிடு போட்டார். அண்ணன் மறுநாள் ஐந்து மணிக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் அரசியல் பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் நட்பு காப்பாற்றப்படும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓட்டுப் போடுகிறவன் பேசத்தான் வேண்டும். பேசுகிற விதத்தை மட்டும் மாற்றிக்கொண்டோம். குழுவில் அரசியல் படம் எதுவும் போடுவதில்லை, சொல்ல வேண்டியதைப் பெஞ்சில் வாயால் சொல்வோம். வாயால் சொல்லும்போது எதிரே இருப்பவர் முகம் தெரிகிறது, பாதிப் பேச்சு அங்கேயே அடங்கிவிடுகிறது. அவர் வாங்குகிற பேப்பரை நான் படிப்பேன், என்னுடையதை அவர் படிப்பார். ஒரு விஷயத்தை எடுத்தால் முதலில் "இது உங்க வீட்டுல எங்க படுது?" என்று கேட்டுவிடுவோம். ரேஷன், பேத்தியின் காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரியில் மாத்திரை இல்லாதது, இப்படித்தான் பேச்சு இறங்கும். 2024 ஏப்ரல் 19 அன்று மூவரும் சேர்ந்தே ஓட்டுப் போடப் போனோம். அவர் எதற்குப் போட்டார் என்று எனக்குத் தெரியும், நான் எதற்குப் போட்டேன் என்று அவருக்குத் தெரியும். வெளியே வந்து மை வைத்த விரலை ஒட்ட வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம்.

மூவர் என்று சொன்னேன். கரூர்க்காரர் 2022இல் போய்விட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

பயணம் பற்றிச் சொல்ல வேண்டும். 2019இல் நாலு பேரும் காசிக்குப் போனோம். ராமேஸ்வரத்திலிருந்து திருச்சி வழியாகப் போகிற வாரம் ஒருமுறை வண்டி. டிக்கெட் போட்டது நான்தான். நாலு பேரும் ஒன்றாக இருக்கட்டும் என்று ஒரே டிக்கெட்டில் நாலு பெயரையும் போட்டேன். இரண்டு மேல் பெர்த், இரண்டு நடு பெர்த் வந்தது. வாத்தியாருக்கு முழங்கால் வலி. இரண்டு ராத்திரி அவர் ஏறி இறங்கியதைப் பார்க்கவே முடியவில்லை. பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு, ஆண்களுக்கு 60 வயதும் பெண்களுக்கு 45 வயதும் ஆகியிருந்தால் உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான். மூன்றாவது பெயர் சேர்ந்தால் அந்த ஒதுக்கீட்டில் எடுத்துக்கொள்ளாது. இளவயதுக்காரர் ஒருவரைச் சேர்த்துப் போட்டாலும் அப்படித்தான். இரண்டிரண்டு பேராகத் தனித்தனி டிக்கெட் போட்டிருந்தால் நாலு பேருக்கும் கீழ் பெர்த்துக்கு வாய்ப்பு இருந்திருக்கும். ரயில் தபாலில் 38 வருஷம் இருந்த எனக்கே தெரியவில்லை. நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசிக்குப் போனபோது கட்டணத்தில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவை ஒட்டி நிறுத்தினார்கள். அது திரும்ப வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பென்ஷன் உள்ளவன் எப்படியோ போய்விடுவான். மகள் வீட்டுக்குப் போக முன்னூறு ரூபாய் சேர்க்க வேண்டியிருக்கிற கிழவிக்கு அந்தப் பாதிப் பணம் ஒரு பயணம். முன்பதிவும் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, 2024 நவம்பர் 1லிருந்து. அதனால் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு அறுபதாவது நாள் காலையிலேயே போட்டுவிட வேண்டும்.

2025 ஏப்ரலில் பாம்பன் புதுப்பாலம் திறந்தார்கள். பழைய பாலம் 1914இல் கட்டியது, 2022 டிசம்பரோடு அதில் வண்டி நின்றுவிட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. திறந்த மூன்றாம் மாதம் நாங்கள் மூவரும் திருச்சியில் காலை வண்டி ஏறினோம். புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, பரமக்குடி என்று ஒவ்வொரு ஊர் வரும்போதும் என் வலது கை தானாக லேசாக அசைந்தது. அந்தந்த ஊர் அறை எங்கே இருந்ததோ அந்தப் பக்கம். வாத்தியார் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

மண்டபம் தாண்டியதும் வண்டி மெதுவானது. நான் ஜன்னலோரம், எதிரே அண்ணன். கீழே பாறை, அப்புறம் தண்ணீர். வலது பக்கமும் இடது பக்கமும் தண்ணீர். ஒரு பக்கத்துக் கடல் அலையடித்துக் கலங்கலாக இருந்தது, மறுபக்கம் கண்ணாடி மாதிரி பச்சை. மீன் பிடிப் படகுகள் வரிசையாக நின்றன. பக்கத்திலேயே பழைய பாலம் துருவேறி நின்றுகொண்டிருந்தது.

"அண்ணே, நான் இந்தக் கடலைப் பார்த்ததே இல்ல" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. ஆர்.எம்.எஸ். வேனில், அதாவது ரயிலின் தபால் பெட்டியில், எத்தனையோ தடவை அந்தப் பாலத்தைத் தாண்டியிருக்கிறேன். மீட்டர் கேஜ் காலம். ஆனால் பாலத்தில் காற்று அப்படி அடிக்கும். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் போனால் சிக்னலே கொடுக்க மாட்டார்கள். அதற்குக் குறைவான காற்றே கடிதக் கட்டைப் பறக்க வைக்கப் போதும். அதனால் மண்டபம் வரும்போதே ஷட்டரை எல்லாம் இறக்கிவிடுவோம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ராமேஸ்வரம் கட்டைக் கட்டி, லேபிள் வைத்து, பையை மூடி, அரக்கு வைத்து முடிப்பதற்குள் பாம்பன் போய்விடும். கீழே சக்கரச் சத்தம் மாறுவதை வைத்துத்தான் பாலம் வந்ததும் முடிந்ததும் தெரியும்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சற்றுத் தள்ளித் தெரிந்த சாலைப் பாலத்தைக் கை காட்டினார். 1988இல் திறந்தது அது. "அதுல நானு ராமேஸ்வரம் பஸ் ஓட்டியிருக்கேன். பாலத்துல ஏறினதும் பாசஞ்சர் அத்தனை பேரும் எழுந்து ஜன்னலுக்கு வருவாங்க, வண்டி ஒரு பக்கமா இழுக்கும். நான் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிச்சு ரோட்டையே பார்த்துக்கிட்டு இருப்பேன். நானும் பாத்தது இல்ல" என்றார்.

வண்டி அந்த உயரும் இரும்புப் பகுதிக்குள் நுழைந்தது. 72.5 மீட்டர் நீளமுள்ள அந்தப் பகுதி மொத்தமாகச் செங்குத்தாக மேலே போகுமாம், கப்பல் கீழே போகுமாம். வாத்தியார் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் கேட்கவில்லை. அண்ணன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாம்பன் ஸ்டேஷன் வந்த பிறகும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது வேறு பக்க ஜன்னலில் உட்கார வேண்டும் என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்தோம்.

இனி கரூர்க்காரர். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

69 வயது. காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. காரியங்கள் முடிந்து அவர் மனைவி குடும்பப் பென்ஷனுக்குப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. பென்ஷன் கணக்கு அவர் பெயரில் தனியாக இருந்தது. பென்ஷன் உத்தரவில், அதாவது பி.பி.ஓ.வில், அந்த அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் இன்னொரு மாதிரி. ஒன்றில் அப்பா இனிஷியல், ஒன்றில் கணவர் பெயர். பி.பி.ஓ. எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை. அவர் அலமாரியில் பழைய சீருடைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததைப் பதினொரு நாள் கழித்து மகன் கண்டுபிடித்தான். ஏழு மாதம் அந்த அம்மாவுக்குப் பணம் வரவில்லை. கவுன்டரில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆளுக்கொரு காகிதம் கேட்டார்கள், ஒவ்வொரு காகிதத்துக்கும் நாங்கள் அலைந்தோம். அண்ணனும் நானும் மாறி மாறி அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒருநாள் வெளியே வந்து படியில் உட்கார்ந்து, "அவரு இருந்தா இதெல்லாம் அவரே பாத்திருப்பாரு தம்பி" என்று அழுதார்கள். பணம் பிறகு நிலுவையோடு வந்தது. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும்.

கணவன் மனைவி பெயரில் ஜாயின்ட் கணக்காக இருந்திருந்தால் பாதி வேலை மிச்சம். மத்திய அரசு பென்ஷனில், ஜாயின்ட் கணக்கு இருந்தால் குடும்பப் பென்ஷனுக்கான படிவம் 14 நிரப்ப வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ், பென்ஷன் உத்தரவின் நகல், வயதுச் சான்று, கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு உறுதிமொழி, இவற்றை வைத்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும். தயவுசெய்து இந்த வாரமே போய் உங்கள் கணக்கைப் பாருங்கள். மனைவி பெயர் இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்கினோம், அண்ணனும் நானும் ஆளுக்கொன்று, நாற்பது பக்க நோட்டு. பென்ஷன் உத்தரவு எண், வங்கிக் கணக்கு, டெபாசிட் எப்போது முதிர்கிறது, நாமினி யார், கேஸ் இணைப்பு யார் பேரில், வீட்டு வரி ரசீது எந்தப் பையில், யாருக்குக் கடன் கொடுத்தது, யாரிடம் வாங்கியது, நான் போன பிறகு முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும். செல்போனைத் திறக்கும் எண்ணும் எழுதினேன். இதை எழுதுவது அபசகுனம் என்று என் மனைவி முதலில் கையைத் தட்டிவிட்டாள். கரூர்க்காரர் வீட்டு அம்மா படியில் உட்கார்ந்து அழுததைச் சொன்னேன். அதற்குப் பிறகு தடுக்கவில்லை.

எழுதியதோடு விடக்கூடாது, வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து சேர்த்துப் படிக்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் படித்தோம். என் பி.பி.ஓ.வை அவளிடம் கொடுத்து, சத்தமாக வாசி, நான் நோட்டோடு சரிபார்க்கிறேன் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள். அவள் பெயர் வந்த வரியில் நின்றுவிட்டாள்.

"என் பிறந்த தேதி 1959ன்னு போட்டிருக்கு."

அவள் பிறந்தது 1956. எனக்குப் பகீரென்றது. பதின்மூன்று வருஷமாக அந்தக் காகிதத்தை நான் எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன், அந்த வரியைப் படித்ததில்லை. குடும்பப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு 80 வயது ஆனதும் 20 சதவீதம் கூடும். அந்தத் தேதி இப்படியே இருந்தால் அவளுக்கு அது மூன்று வருஷம் தள்ளிப் போகும். நான் இல்லாத காலத்தில் அவள் எந்தப் படியில் போய் உட்காருவாள்?

ஆதார், பள்ளிக்கூடச் சான்றிதழ், கல்யாணப் பதிவு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். கடைசியாக வேலை பார்த்த ஆபீஸ் வழியாக விண்ணப்பம் கொடுத்தால், சரிபார்த்துத் திருத்தின உத்தரவு வரும். விண்ணப்பத்தை வாத்தியார் ஒருமுறை பார்த்துப் பிழை திருத்திக் கொடுத்தார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.